வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நீ சௌக்கியமா? சுரங்கப்பாதைத் தூசியில் இருமல் வந்திருக்கும், மறைக்காதே. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முழுப் பொய்யாகிவிடும், அதனால் பாதி நலம் என்று வைத்துக்கொள்.

அம்மாவின் உடைந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். கூடவில்லை என்கிறாள் அம்மா. கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே ரேடியோவையும் என்னையும் ஆட்டிவைக்கிறாள். பெரியவள் மூன்றாம் வகுப்பு, வாய் மட்டும் எட்டாம் வகுப்பு. சின்னவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, கையை விட்டால் ஓடுகிறான். உன் மாப்பிள்ளை வழக்கம்போல லாரியோடு. மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கிறார், அதில் மூன்று நாள் தூங்குகிறார்.

விஷயம் அப்பாவைப் பற்றியது. போன செவ்வாய்க்கிழமை குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். "ட்யூட்டிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாருடி, நான் எழுந்து போய்ப் பிடிக்கவா முடியும்?" என்று அம்மா அழுகிறாள். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆன மனுஷன்! பெரிய ரோட்டுக்கு ஓடினேன். நாற்சந்தி நடுவில் பனியனோடு நிற்கிறார். தோளில் என் பழைய கைப்பை. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்துகிறார். அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பஸ் நின்றிருந்தது. அந்த டிரைவரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ.

அன்றும் வேலைக்குப் போனேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு பெரியம்மாவுக்கு மூன்று முறை குத்திய பிறகுதான் ரத்தம் வந்தது. பதினொரு வருடத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை.

இவர்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளும் ஆயா ஒன்பது மணிக்குத்தான் வருகிறாள். குழந்தைகளை விட்டுவர எனக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு வழி சொல் அண்ணா. உன் மலையில் போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் அம்மாவின் காது இந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

உன் தங்கை

---

ஜூன் 15

அன்புள்ள ஊசிக்கு,

நான் நலம், இருமல் அதைவிட நலம். உன் கடிதம் சாமான் லாரியில் ஒன்பது நாள் உருண்டு வந்து சேர்ந்தது. படித்துவிட்டு அன்று உளி பிடிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. அப்பா படுக்கும் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிடு. இங்கே தொழிலாளர் கொட்டகைகளுக்கு நான் போடுகிற அதே சாமான், ஆறு அங்குலம், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முனையை நானே அரம் போட்டு மழுக்கினேன், கை கீறாது. உன் தோள் உயரத்தில் வை, குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. ஸ்க்ரூ எட்டு இருக்கிறது. கதவை நிலையோடு ஒட்டி மூடிவைத்து, பென்சிலால் குறித்துக்கொண்டு அப்புறம் துளை போடு. அவசரப்பட்டு மரத்தைப் பிளந்துவிடாதே, நல்ல மரம்.

இருபத்தைந்து நிமிடம்தானே. அவர் நல்லதுக்குத்தான். நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பதற்றமாக இருக்கும்போது நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடச் சொல்கிறார் எங்கள் முகாம் டாக்டர். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் அண்ணன்

---

ஜூலை 12

அன்புள்ள ஊசிக்கு,

நலம்தானே? இரண்டு லாரி வந்து போய்விட்டது, உன் எழுத்தைக் காணோம். தாழ்ப்பாள் கிடைத்ததா? பொருந்தியதா? கதவு தரையில் உரசுகிறதென்றால் கீழே ஒரு நூல் இழைத்தால் போதும். அதற்காவது பதில் எழுது.

அண்ணன்

---

ஜூலை 24

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியவளுக்குப் பால்பல் ஒன்று விழுந்தது. அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, என்னைப்போல எல்லோரிடமும் "ரிப்போர்ட் சாயந்திரம் வாங்க" என்கிறாள். சின்னவனுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, விட்டுவிட்டது. அம்மா கைப்பிடி வைத்த நடை வண்டியைப் பிடித்து நாலு அடி நடந்தாள். ஐந்தாவது அடிக்கு என்னைத் திட்டினாள். ஆக, உடம்பு தேறுகிறது. மழை பெய்து பின்சுவர் ஓதம் ஏறியிருக்கிறது.

அப்பா ரோட்டுக்குப் போவதில்லை.

தாழ்ப்பாள் பொருந்தியது.

தங்கை

---

ஆகஸ்ட் 5

அன்புள்ள ஊசிக்கு,

இருமல் போயே போய்விட்டது. உன் கடிதம் கண்டதும் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது. அப்பா ரோட்டுக்குப் போவதில்லை என்ற வரியை நாலு தடவை படித்தேன். பார்த்தாயா, சின்ன விஷயம், எவ்வளவு நிம்மதி!

வேலை கழுத்தை நெரிக்கிறது. மேற்குப் பக்கம் புதிதாக முப்பது கொட்டகை, அத்தனைக்கும் கதவு ஜன்னல் நான்தான். லீவு கேட்க வாயைத் திறந்தாலே மேஸ்திரி வானத்தைப் பார்க்கிறார். ஆனால் உன்னை நினைக்காத நாள் இல்லை. அப்பா என்னைக் கேட்கிறாரா?

அண்ணன்

---

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். அப்பா உன்னைக் கேட்கவில்லை. என்னையே "அம்மா, எங்க இறங்கணும்?" என்றுதான் கேட்கிறார்.

எங்கள் நிலையத்தில் ஊழியர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு மணி நேர வகுப்பு வைத்தார்கள். வந்த அம்மாள் திரையில் படம் காட்டினாள். குழந்தைகள், வயதான பெற்றோர் என்று இரண்டு பக்கமும் பார்ப்பவர்கள் தினமும் அரை மணி நேரத்தைத் தங்களுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டுமாம். அந்த அரை மணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

ஆனால் எனக்கு இப்போது கிடைத்துவிட்டது, அண்ணா. சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து டீயைச் சூடாகக் குடிக்கிறேன். சூடான டீ எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

ஒரு சின்ன உதவி. தாழ்ப்பாளின் ஸ்க்ரூ எட்டும் தளர்ந்து ஆடுகிறது. இறுக்கினால் அந்த இடத்திலேயே சுற்றுகிறது. நீளமான ஸ்க்ரூ இருந்தால் அனுப்பு. இங்கே கடைக்குப் போக நேரமில்லை.

தங்கை

---

செப்டம்பர் 14

அன்புள்ள ஊசிக்கு,

இரண்டு அங்குல ஸ்க்ரூ பத்து அனுப்பியிருக்கிறேன். இது நிலைக்குள் முழுசாக இறங்கும். யானை வந்து முட்டினாலும் அசையாது.

ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே. இருபது வருடமாகக் கதவு மாட்டுகிறேன். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவின் ஸ்க்ரூ தளர நாலைந்து வருடம் ஆகும். உன் கதவு இரண்டே மாதத்தில் தளர்ந்திருக்கிறது. அப்பா உள்ளேயிருந்து தட்டுகிறாரா? எவ்வளவு நேரம் தட்டுகிறார்?

இருபத்தைந்து நிமிடம் என்றுதானே சொன்னாய்.

அண்ணன்

---

அக்டோபர் 8

அண்ணா,

ஸ்க்ரூ வந்தது. போட்டாயிற்று. நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஆயா பத்து நாளாக வருவதில்லை, அவள் மகளுக்குப் பிரசவமாம். வேறு ஆள் தேடுகிறேன். பத்தரை மணி டீ இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவைக் கவனித்துவிட்டுப் போகிறேன். பிள்ளைகள் நலம். நீ நலமா? லீவு கிடைக்குமா என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்.

தங்கை

---

அக்டோபர் 19

அன்புள்ள ஊசிக்கு,

நான் நலம். லீவு இல்லை. மார்ச் வரை இல்லை. கேட்டுவிட்டேன்.

ஆயா வராவிட்டால் காலை எட்டேகாலிலிருந்து நீ மத்தியானம் திரும்பும்வரை அப்பாவை யார் பார்க்கிறார்கள்? அதை நீ எழுதவே இல்லை. எழுது.

அண்ணன்

---

நவம்பர் 11

அண்ணா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள். நீ கேட்டதற்கெல்லாம் இன்று பதில் எழுதுகிறேன். இன்று எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. தாழ்ப்பாள்தான் பார்த்துக்கொண்டது. முதலில் இருபத்தைந்து நிமிடம்தான். பிறகு சின்னவனைக் குளிப்பாட்டும்போது. பிறகு கடைக்குப் போகும்போது. ஆயா நின்ற பிறகு காலை முழுக்க. நான் சூடாக டீ குடித்தேன் என்று எழுதினேனே, அதுவும் அவரை அடைத்துவைத்துவிட்டுத்தான். எந்த வேலையும் இல்லை. சும்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் கதவைத் தட்டுகிறார், வெளியே நான் டீயை ஊதி ஊதிக் குடிக்கிறேன். அவர் தட்ட ஆரம்பித்ததும் அம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றினேன். மாற்றிவிட்டு ஒரு நிமிடம் என்று சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. கதவு மூடியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. பெரியவள் முக்காலி போட்டு ஏறி, வெளியே தாழ்ப்பாளைத் தள்ளியிருக்கிறாள். ஏன் என்று அப்புறம் கேட்டேன். "நீ தூங்கிட்டிருந்தேம்மா. தாத்தா வெளிய வந்தா உன்ன எழுப்பிடுவாருல்ல? நீதானே அப்படிப் பூட்டுவே?" என்றாள். குழந்தையின் முகத்தில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவுக்கு ஒத்தாசை செய்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் உள்ளே இருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. பெரியவளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. சின்னவனைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கும் சத்தமே இல்லை, அண்ணா. அந்த அமைதி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். "அம்மா! கதவத் திறக்கச் சொல்லும்மா! பிள்ளைங்க எங்கம்மா?" என்று கத்தினேன்.

ரேடியோ சத்தம் கூடியது.

தட்டுவது அப்பா என்று அம்மா நினைத்துவிட்டாள். நான் பலமாகத் தட்டத் தட்ட அவள் இன்னும் சத்தமாக வைத்தாள். ஜன்னலைத் திறந்தேன், ஒரு முழம் தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். தோளால் கதவை முட்டினேன். ஒரு நூல்கூட அசையவில்லை. நீ அனுப்பிய ஸ்க்ரூ நிலைக்குள் முழுசாக இறங்கியிருந்தது.

அப்பா கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிவாக இருந்தது. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"உக்காருங்கம்மா," என்றார். "கத்தாதீங்க. கத்துனா பாட்டுச் சத்தம் ஜாஸ்தியாகும். மொதக் கால் மணி நேரந்தான் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

அண்ணா, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தானே நான் பூட்டினேன். நீயும் அப்படி நினைத்துத்தானே அனுப்பினாய்.

நாற்பது நிமிடம் கழித்துப் பெரியவளே வந்து திறந்தாள். சின்னவனுக்குப் பசிக்கிறது என்று அவனை இழுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போயிருக்கிறாள். கடை பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சின்னவன் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றான். இன்னொன்று எங்கே என்றேன். "நடு ரோட்டுல கழண்டுடுச்சும்மா. அவன் எடுக்கணும்னு திரும்ப ஓடினான். பஸ் வந்துச்சு. நான் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டேன்," என்றாள், பெருமையாக.

பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அடிக்கவும் இல்லை. சின்னவனின் ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு, அவனுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் வேலையில் என் கை ஊசி பிடிக்கவே இல்லை. எங்கள் நிலையத்து டாக்டர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இந்த வீட்டில் இருக்கிற நாலு பேரில் யாரையாவது என் கையால் கொன்றுவிடுவேன். வேண்டுமென்று செய்யமாட்டேன். அசதியில் நடந்துவிடும். எனக்கு பயமாக இருக்கிறது. மார்ச் வரை என்னால் முடியாது.

தங்கை

---

நவம்பர் 19

அன்புள்ள ஊசிக்கு,

வியாழக்கிழமை லாரியில் வருகிறேன். இந்தக் கடிதமும் அதே லாரியில்தான் வரும். ஆனாலும் நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதிவிடுகிறேன். வாசல் கதவுக்கு அடியில் இதைத் தள்ளுவேன், முதலில் இதைப் படி, அப்புறம் கதவைத் திற.

லீவு இல்லை என்று எழுதினேனே, பொய். அக்டோபரில் பத்து நாள் கொடுத்தார்கள். மூட்டைகூடக் கட்டினேன். கட்டிவிட்டு, லாரி போனதும் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன். பத்து நாளும் சீட்டு விளையாடினேன். அப்பா என்னைப் பார்த்து யாருங்க நீங்க என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். ஸ்க்ரூ தளர்ந்த கதையைப் படித்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நீளமான ஸ்க்ரூவை அனுப்பிவைத்தேன். உன்னைவிட நான்தான் அதிகம் பூட்டினேன்.

அண்ணன்

---

டிசம்பர் 10

அன்புள்ள ஊசிக்கு,

கை இப்போது ஊசி பிடிக்குமா? நாத்தனார் வீட்டில் வாய்க்கு ருசியாகப் போடுகிறார்களா? பிள்ளைகள் அங்கே உருப்படியாக இருக்கிறார்களா, இல்லை அந்த வீட்டையும் புரட்டிப் போட்டுவிட்டார்களா? மூன்று வாரம் ஓய்வு என்று நான்தான் உன்னை வண்டி ஏற்றினேன். மூன்று வாரம் முழுசாக இரு என்றுதான் இந்தக் கடிதத்தையும் எழுத ஆரம்பித்தேன்.

வந்த அன்றே தாழ்ப்பாளைக் கழற்றிக் குப்பையில் எறிந்தேன், நீயே பார்த்தாய். "இனிமே நான் பாத்துக்கறேன்" என்று மார் தட்டினேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

புதிய ஆயாவுக்கு நேற்று உடம்பு சரியில்லை. காலையில் அம்மாவுக்குப் பெட்பேன் வைத்திருக்கிறேன், அடுப்பில் பால் பொங்குகிறது, வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. அடுப்பை அணைத்து, அம்மாவை அப்படியே பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். அப்பா இந்தத் தடவை நடு ரோட்டில் நிற்கவில்லை, ஓடுகிற பஸ்ஸின் படியில் ஏறியிருக்கிறார். மூன்று ஸ்டாப் தள்ளித்தான் பிடித்தேன். நாங்கள் திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அம்மா போட்டது போட்டபடி கிடந்தாள். திட்டவில்லை. அம்மா திட்டாமல் இருந்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். "கிடைச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை ஆயா வந்ததும் கடைத்தெருவுக்குப் போனேன். பால் வாங்கத்தான் போனேன். இரும்புக் கடைக்குள் எப்படி நுழைந்தேன் என்று தெரியவில்லை. ஆறு அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினேன். கேட்காமலே இரண்டு அங்குல ஸ்க்ரூவும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கதவில் பென்சிலால் குறித்தேன். பழைய துளைகளுக்கு ஒரு விரல் மேலே.

அப்பா அறைக்குள்ளிருந்து எழுந்து வந்தார். என் பக்கத்தில் நின்று தாழ்ப்பாளைக் கையில் வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் யார் என்று கேட்கவில்லை. நான் பயந்த கேள்வி அதுதான், அதைக் கேட்கவே இல்லை.

"தம்பி," என்றார், "இந்த வாட்டி எந்தப் பக்கம் போடப் போறீங்க?"

துளை போடும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தாழ்ப்பாள் அவர் மடியில் இருக்கிறது. நான் சொல்லப்போகும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல என்னைப் பார்க்கிறார்.

வேலையை விட்டுவிட்டேன் என்று மேஸ்திரிக்கு எழுதிப் போட்டாயிற்று. நீ வந்ததும் நான் ஓடிவிடுவேன் என்று நினைக்காதே. ஆனால் ஓய்வு முடியட்டும் என்று காத்திருக்காதே. நான் தனியாக இருந்தால் நாளைக்கோ மறுநாளோ இதை மாட்டிவிடுவேன், வெளிப்பக்கம்தான் மாட்டுவேன். கடிதம் கண்டதும் கிளம்பி வா.

உன் அண்ணன்